பனியில் புளித்த கமலா

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. ஏற்காட்டில் மார்கழி மாதத்தில் குழாய் வேலைக்கு ஆள் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லோரும் ஏதாவது ஒரு ரிசார்ட்டில் வெந்நீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒருவரைப் பிடித்து வந்தோம். அவர் குச்சியால் குத்திப் பார்த்தார், கையால் தட்டிப் பார்த்தார், கடைசியில் பையிலிருந்து ஒரு பாலித்தீன் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்து போட்டுர்றனுங்க" என்று கிளம்பினார். டீ குடிக்கப் போனவர் டீத்தூள் வாங்க அஸ்ஸாமுக்கே போய்விட்டார் போலிருக்கிறது. மத்தியானம் வரை ஆளைக் காணோம்.

ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டே அந்தப் பொட்டலத்தைப் பார்க்கிறேன். உள்ளே இருந்த வெள்ளைச் செதில்கள் மெல்ல வியர்க்கின்றன. முதலில் ஒரு பளபளப்பு. அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கசகசவென்று ஆகிறது. அப்புறம் பொட்டலத்தின் அடியில் கொழகொழவென்று தண்ணீர். காஸ்டிக் சோடாதான், வேறென்ன. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், விட்டால் தோலை உரித்துவிடும்.

"அடப்பாவி, நீ இன்னும் திருந்தவே இல்லையா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "யாரை?" என்றார்.

"உங்களை இல்லை" என்றேன். அவரிடம் அந்தக் கதையைப் பல தடவை சொல்லியாயிற்று. அதில் அவருக்கு ஞாபகமிருப்பது கம்பெனியில் கொடுத்த நீல ஸ்வெட்டர் மட்டும்தான். நீங்களாவது கேளுங்கள்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது. ஏற்காட்டில் ஒரு பழரசக் கம்பெனி. இந்த மலையில் விளையும் கமலா ஆரஞ்சை வாங்கிப் பிழிந்து, சர்க்கரை கலந்து, பாட்டிலில் அடைத்து விற்பார்கள். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே வருவேன். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, சுற்றுலா வந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தங்கள் காலை டிபனை மலைக்குக் காணிக்கை செலுத்திக்கொண்டே வருவார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, மடியில் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு, ஏதோ விஞ்ஞானி மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் நினைப்பு அப்படி. வேலையோ பாட்டில் கழுவுவது. லேப் அசிஸ்டென்ட் என்றால் வேறென்னவென்று நினைத்தீர்கள்?

அந்த லேப், பழைய எஸ்டேட் பங்களா ஒன்றின் பின்கட்டு. உள்ளே நுழைந்தால் ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் வாசனை முகத்தில் அடிக்கும். கமலாத் தோலை மடித்தால் பீச்சியடிக்குமே, அந்த வாசனை. தலைமுடியில் ஏறும், கோட்டில் ஏறும், சாப்பாட்டு டப்பாவில் ஏறும். சாயங்கால பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி, "ஏனுங்க, பையில பழம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். இப்போது அதே வாசனையைக் கழிவறை கழுவுகிற திரவத்தில் போட்டு விற்கிறார்கள். மூடியைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த லேபுக்குத் தலைவர் சீஃப் கெமிஸ்ட். அங்கே இருந்த கெமிஸ்ட்டே அவர் ஒருவர்தான், ஆகவே யாருக்குச் சீஃப் என்று கேட்கக் கூடாது. பெயர் வேண்டாம். இப்போது எங்கேயாவது பேரன் பேத்திகளோடு சௌக்கியமாக இருப்பார், இருக்கட்டும். அங்கேயும் குழந்தைக்குப் பால் பவுடரை நாலு டெசிமலுக்கு எடை போட்டுக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலு டெசிமல். அதுதான் அவருடைய மதம். கம்பெனி அப்போதுதான் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கிக் கொடுத்திருந்தது. கண்ணாடிக் கதவுகளோடு, புள்ளிக்குப் பிறகு நாலு எண் காட்டுகிற தராசு. அதற்குத் தினமும் பூப்போடாத குறைதான். அவர் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார்.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழச்சாற்றில் எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதில் விடவேண்டும், டைட்ரேஷன் என்பார்கள். புளிப்பு முழுக்கத் தீர்ந்ததும், முன்பே விட்டு வைத்த பினாப்தலின் என்கிற நிறங்காட்டி அந்தச் சாற்றை இளஞ்சிவப்பாக்கும். எத்தனை மில்லி செலவானது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் புளிப்பு தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சோடாக் கரைசலில் சோடா எவ்வளவு என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அரிசி அளக்கிற படி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். படியின் அடியில் யாரோ அட்டையை ஒட்டிவிட்டார்கள் என்றால், அதே மூட்டை அரிசி கூடுதல் படியாகத் தெரியும். சோடா குறைந்த கரைசல் அப்படித்தான். இனிப்புப் பழத்தைக்கூடப் புளிப்பு என்று சொல்லும்.

இந்தச் சோடாவை மட்டும் எடை போட்டு நம்பக் கூடாது. அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற ஜென்மம். கெமிஸ்ட்ரி படித்த எந்தப் பிள்ளைக்கும் இது முதல் வருடத்திலேயே சொல்லித்தரப்படும். தோராயமாகப் போட்டுக் கரைத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை எடை போட்டுக் கரைத்து, அதற்கு எதிரே இதைப் பரிசோதித்து, உண்மையான வலு என்னவோ அதை லேபிலில் எழுதவேண்டும். ஆக்ஸாலிக் படிகம் நாணயமானது. பனியானாலும் வெயிலானாலும் போட்ட எடையில் நிற்கும். சோடாவின் வலு கொஞ்சம் குறைவாக வந்தால் குடி முழுகிப்போகாது. குறைவு என்று நமக்குத் தெரிந்தால் போதும், கணக்கில் சரி செய்துகொள்ளலாம்.

நம் சீஃப்புக்கு இதெல்லாம் பிடிக்காது. தராசு இருக்கும்போது எதற்கு ஆக்ஸாலிக்?

அவர் எடை போடுகிற காட்சியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். காலையில் வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களை எல்லாம் திறந்து வைப்பார். சமவெளியில் வெந்து வளர்ந்த மனிதர், பனியைக் கண்டால் போதும், மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி உள்ளே அழைப்பார். "நேச்சுரல் ஏசிம்மா! சேலத்துல காசு குடுத்தாலும் கெடைக்குமா?" என்பார். அறை முழுக்க வெள்ளையாக நிற்கும். அதற்கு நடுவில் சோடா ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்.

ஒரு லிட்டருக்கு நாலு கிராம். அவருக்கு 4.0000 வரவேண்டும். வில்லைகளை ஒவ்வொன்றாகப் போடுவார். நாலைத் தொட்டதும் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, என்னையும் மூச்சை அடக்கச் சொல்வார். 4.0003. அவர் கண்ணெதிரிலேயே அது 4.0007 ஆகும். "காத்தும்மா, காத்து!" என்று என்னை முறைப்பார், ஏதோ நான்தான் ஊதிவிட்ட மாதிரி. இடுக்கியால் ஒரு சின்னச் சில்லை எடுத்து வெளியே போடுவார். 4.0000! முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். மலர்ச்சி முழுதாக மலர்வதற்குள் 4.0002. மறுபடி ஒரு சில்லு. மறுபடி ஏறும். மறுபடி ஒரு சில்லு. வெளியே எடுத்தது சோடா, உள்ளே ஏறியது தண்ணீர். அவர் எவ்வளவுக்கெவ்வளவு கவனமாக உட்கார்ந்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு தப்பு கூடியது. கடைசியில் வென்றுவிட்டு எழுந்திருக்கும்போது, தட்டில் சோடாவோடு சேர்ந்து ஏற்காட்டு மேகமும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். அதைக் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, முத்து முத்தான கையெழுத்தில் வலு '0.1000 N' என்று எழுதி ஒட்டுவார். அந்தக் கடைசி இரண்டு சைபரைப் போடும்போது நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும்.

இதில் இன்னொரு பெருமையும் உண்டு. பழைய கரைசலைத் தொடமாட்டார். காலையில் புதிதாக ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஒன்று. மத்தியானம் வெயில் வந்துவிட்டால் தராசு அவ்வளவு ஆட்டம் காட்டாது. கரைசலும் ஏறக்குறைய ஒழுங்காக அமைந்துவிடும். பனி விலகாத நாளில் இரண்டுமே கோவிந்தா.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நான் கேட்டேன். "சார், ஆக்ஸாலிக் வெச்சு ஒரு தடவை செக் பண்ணிடலாங்களா?"

"ஏன், என் வெயிங் மேல டவுட்டா?"

"இல்லைங் சார், பனி அடிக்குதே, சோடா ஈரம் இழுத்திருக்குமோன்னு..."

"அதெல்லாம் தராசு இல்லாத காலேஜ்ல பண்றதும்மா. போய் அந்தப் பிப்பெட்டைக் கழுவு."

கழுவினேன். வேறென்ன செய்ய? ஆனால் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே ஆக்ஸாலிக் வைத்துப் பார்த்தேன். நான் பயந்ததைவிட மோசமாக இருந்தது. அந்த முடிவை அவர் முன்னால் வைத்தபோது, "ஆக்ஸாலிக் பழசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். காலத்துக்கும் கெடாத ஒரு பொருளைப் பழசு என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

இதெல்லாம் லேபுக்குள்ளேயே நடந்து லேபுக்குள்ளேயே முடிந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கேட்டுக்கு வெளியே பழக்கூடைகளோடு மனிதர்கள் நின்றார்கள். புளிப்பு ஓர் அளவுக்கு மேல் வந்தால் கம்பெனி பழத்தை வாங்காது. கூடையில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி விழும். குறி விழுந்த கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்ப நடக்கவேண்டியதுதான். மலையிறக்கிச் சேலத்துச் சந்தைக்குக் கொண்டுபோவதற்குள் கமலாவின் லொடலொடத் தோலுக்குள் பாதி அழுகிவிடும்.

அப்படி நின்றவர்களில் ஒருத்திதான் கொட்டச்சேடு என்கிற மேல் கிராமத்து வெள்ளையம்மா. மலைக்காரப் பெண், அப்போது நாற்பதை ஒட்டிய வயதிருக்கும். குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் கமலாக் கன்றுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தன் கையால் நட்டவள். புருஷன் இல்லை. கொழுந்தனாருக்கோ அந்த மரங்களை வெட்டிவிட்டு நிலத்தை யாரிடமாவது தள்ளிவிட ஆசை. எங்கள் லேபுக்கு அவள் வந்து நின்ற முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் அவள் கூடையில் சிவப்புக் குறி விழுந்திருந்தது. நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க சார், எம்பழம் புளிக்குதுன்னு சொன்னீங்களாமா? இந்தாங்க, ஒரு சொளை தின்னுபோட்டு அப்புறம் சொல்லுங்க."

உரித்த பழத்தை நீட்டினாள். சீஃப் இரண்டடி பின்னால் போனார். அவருக்கு வயிற்றில் அசிடிட்டி. ஆரஞ்சுக் கம்பெனியில் புளிப்பு பார்க்க உட்கார்ந்திருந்த அந்த மகானுபாவர், அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு கமலாச் சுளையை வாயில் வைத்ததில்லை.

"எனக்கு ஒத்துக்காதும்மா. ரிப்போர்ட்ல தெளிவா இருக்கு பாருங்க."

"ரிப்போர்ட்டையா சார் பிழிஞ்சு ஊத்தறீங்க?" என்றாள் வெள்ளையம்மா.

நான் சுளையை வாங்கித் தின்றேன். கற்கண்டு. அப்படியொரு இனிப்பு. அவள் என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, இந்த வருசமும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா எங்க கொழுந்தனாரு கோடாலியத் தூக்கிருவாரு. ஏதோ ஒரு சாக்குக்குத்தான் நொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கறாரு. நீ பாத்துச் சொல்லு கண்ணு."

அன்று அவள் திரும்பிப் போகவில்லை. கீழே பஸ் நிறுத்தத்தில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் பனி விலகிப் பளிச்சென்று வெயில் வந்தது. சேலைத் தலைப்பால் சிவப்புக் குறியைத் துடைத்துவிட்டு, அதே கூடையை, அதே பழத்தை மறுபடி கொண்டுவந்து கொடுத்தாள். சீஃப் சாப்பிட்டுவிட்டுப் புதிதாகப் போட்ட கரைசலில் பார்த்தோம். பாஸ்!

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போதாவது மனிதருக்கு உறைக்கும் என்று, "சார், இது காலையில தள்ளின அதே கூடைங் சார்" என்று போட்டு உடைத்தேன்.

அவர் கண்கள் விரிந்தன. கூடையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். மெல்ல எழுந்து நின்றார். உறைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"பாத்தியாம்மா!" என்றார் நடுங்கும் குரலில். "வெயில் பட்டதும் புளிப்பு எறங்கிடுச்சு!"

தலையில் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்தான். அன்றிலிருந்து அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு பிறந்துவிட்டது. இந்த ஷெவராய் மலையில் பனி பட்டால் ஆரஞ்சு புளிக்கிறது. பனி நாள், வெயில் நாள் என்று பிரித்து வரைபடம் போட்டார். கோடு அழகாக ஏறி இறங்கியது. ஏன் ஏறாது? பனியை அளந்துகொண்டிருந்தோமே தவிர, பழத்தை யார் அளந்தார்கள்? அதற்கு 'பனிப்புளிப்பு' என்று பெயரும் வைத்தார். பிள்ளைக்குப் பெயர் வைத்த அப்பா மாதிரி ஒரு வாரம் மிட்டாய் கொடுக்காத குறை.

மலைக்காரர்கள் அதற்குள் தங்களுக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பனி நாளில் கூடையை உள்ளே கொடுக்கமாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் வரிசையாக உட்கார்ந்து, கூடைகளைச் சாக்கால் மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டில் கூடைக் கணக்கு எழுதுகிற ரைட்டர், வெயில் எட்டிப் பார்த்து சீஃப் சாப்பாடு முடித்ததும் ஒரு விசில் அடிப்பார். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். மழைக்காக வானத்தைப் பார்த்த ஜனங்கள், எங்கள் டைட்ரேஷனுக்காகவும் வானத்தைப் பார்த்தார்கள். வாழவந்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கூடைக்கு முன்னால் சூடம் கொளுத்திக் கும்பிட்டதை நானே பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் லேபில் நடந்ததற்கு அது எந்த விதத்திலும் மட்டமில்லை.

அந்த வருடம் பனி பேய் மாதிரி இறங்கியது. மத்தியானமும் விலகவில்லை. கூடைகள் திரும்பிக்கொண்டே இருந்தன. சீஃப் தன் கண்டுபிடிப்பைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். பனி மாதங்களில் மேல் கிராமங்களில் பழம் வாங்குவதையே நிறுத்திவிடலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார். கமலா பழுப்பதே பனி மாதங்களில்தான் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. இதை முடிவு செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாகத் தகவல் வந்தது.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர், அவருக்கு எடுத்துச் சொன்னால் புரியாதா? சின்ன வயசு பாருங்கள், பதவியில் இருப்பவர்களுக்குப் புரியும் என்றெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன். முந்தின நாளே சோடாவைக் கரைத்து, ஆக்ஸாலிக்கால் ஒரு தடவைக்கு மூன்று தடவை பரிசோதித்து, காற்றுப் புகாமல் அடைத்து, லேபிலில் உண்மையான வலுவை எழுதி ஒட்டினேன். 0.0962 N. அதே பழச்சாற்றை இரண்டு கரைசலிலும் காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது.

காலையில் கேட்டருகே வெள்ளையம்மா கூடையோடு நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பெட்டியில் வைத்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இன்னைக்குத் தெரிஞ்சுரும்க்கா, கவலைப்படாதீங்க" என்றேன்.

"உன்னத்தான் கண்ணு நம்பியிருக்கறேன்" என்றாள்.

பெரிய மனிதர் சால்வை, குரங்குக் குல்லா சகிதம் வந்து உட்கார்ந்தார். சீஃப் வரைபடத்தை விரித்துப் பனிப்புளிப்பு பற்றி நெடுநேரம் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் நான் புகுந்தேன். வெள்ளையம்மாவின் பழத்தைப் பிழிந்து, சீஃப் அன்று காலை போட்ட கரைசலில் பார்த்தேன். ஃபெயில். அதே சாற்றை என் கரைசலில் பார்த்தேன், கணக்குப் போட்டுக் காட்டினேன். பாஸ். பெரிய மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சோடா வில்லையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் அவர் முன்னால் வைத்து, "சார், இதையே பாத்துட்டிருங்க" என்றேன். திறந்த ஜன்னல் வழியாகப் பனி வந்தது. வில்லை வியர்த்தது. சுற்றி ஈரம் கட்டியது. அவர் குனிந்து பார்த்தார். அட, என்ன ஒரு நிம்மதி எனக்கு! ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"சார், இந்தப் பொண்ணோடது நேத்துப் போட்ட கரைசல்" என்றார் சீஃப். "என்னோடது இன்னைக்குக் காலைல ஃப்ரெஷ்ஷா போட்டது."

பெரிய மனிதர் இரண்டு பாட்டிலையும் கையில் எடுத்து லேபிலைப் படித்தார். ஒன்றில் 0.1000. ஒன்றில் 0.0962.

"பாயின்ட் ஒன்னு தானேம்மா வரணும்?" என்று என்னைக் கேட்டார், ரொம்பக் கனிவாக. "இவரோடது கரெக்டா வந்திருக்கு. உன்னோடதுதான் கொஞ்சம் கொறைஞ்சு போச்சு."

தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிய பாட்டில் தப்பாம், தெரியாததை முத்து முத்தாக எழுதிய பாட்டில் சரியாம். இதற்கு மேல் என்ன கெமிஸ்ட்ரி சொல்வது? கடைசி முயற்சியாகப் பழத்தை உரித்து, "ஒரு சுளை சாப்பிட்டுப் பாருங்க சார்" என்று நீட்டினேன். சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்ல ஸ்வீட்டா இருக்கே!" என்றார். பிறகு சால்வையால் கையைத் துடைத்துக்கொண்டு சீஃப் பக்கம் திரும்பினார். "ஆனா ரிப்போர்ட் அப்படிச் சொல்லலையே, இல்லீங்களா?"

கதை அவ்வளவுதான். பனி மாதங்களில் வாங்குவதில்லை என்று முடிவானது. அடுத்த வருடத்திலிருந்து எங்கிருந்தோ பீப்பாயில் அடைத்த சாறு வந்து இறங்கியது. பீப்பாயின் மேல் புளிப்பின் அளவு அச்சடித்தே இருந்தது. சீஃப்புக்கு வேலை மிச்சம்.

அன்று கேட்டில் போய் வெள்ளையம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூடையிலிருந்த பழங்களை எடுத்து எடுத்து என் பையில் போட்டாள். "ஊட்டுக்குக் கொண்டு போ கண்ணு. இங்கயே வெச்சிருந்தா பனியில புளிச்சுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஊருக்கே கேட்கிற குரலில் ஒரு சிரிப்பு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கொழுந்தனார் கோடாலி எடுத்த செய்தி பொங்கலுக்குள் வந்துவிட்டது.

நான் அந்த வேலையை விட்டுவிட்டு, இங்கேயே மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே எத்தனையோ பிள்ளைகளிடம், சோடாவை நம்பாதே, லேபிலை நம்பாதே என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதில் எத்தனை பேர் இப்போது அழகான கையெழுத்தில் சைபர் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ. கம்பெனி மூடியாயிற்று. அந்தப் பங்களா இப்போது ரிசார்ட். வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிமெண்டில் ஆரஞ்சுப் பழம் செய்து, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் லேப் இருந்த இடத்தில் மசாஜ் செய்கிறார்களாம். தராசு இருந்த மூலையில் யார் குப்புறப் படுத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

குழாய்க்காரர் சாயங்காலம் ஒருவழியாக வந்து, கொழகொழவென்று கிடந்ததைத் தொட்டியில் கவிழ்த்து, அடைப்பை எடுத்துவிட்டுப் போனார். எனக்கு மனசு சரியில்லை. காலாற நடக்கலாம் என்று ஏரிப் பக்கம் போனேன். ரோட்டோரத்தில் தள்ளுவண்டியில் ஆரஞ்சு குவித்து வைத்திருந்தார்கள். குரலைக் கேட்டதும் நின்றுவிட்டேன். வெள்ளையம்மா. தலை பஞ்சாக வெளுத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. இத்தனை வருடமும் வாழவந்தியில் மகள் வீட்டில் இருந்தாளாம். மருமகன் வைத்துக்கொடுத்த வண்டி இது.

என்னை அடையாளம் கண்டு, "லேப்புக் கண்ணா?" என்று கன்னத்தைத் தடவினாள். ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். தடித்த தோல், இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை.

"நம்ம கமலா இல்லீங்களே அக்கா இது?"

"இது நாக்பூருங்கறாங்க. லாரியில வருது. நம்ம பழத்த யாரு வாங்குவா கண்ணு? பனி பட்டா புளிச்சுப் போயிருமே."

அன்று மாதிரி கேலியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, உங்க பழம் கற்கண்டா இருந்துச்சுக்கா. நீங்கதானே சுளையை உரிச்சுக் கையில வெச்சுக்கிட்டு அந்த ஆளோட சண்டை போட்டீங்க?"

"அதெல்லாம் அப்பத் தெரியாத்தனமாப் பேசுனது கண்ணு. நமக்கென்ன தெரியும்? மெசினு வெச்சுப் பாத்துச் சொன்னாங்கல்ல. கொழுந்தனாரும் அதையேதான் சொன்னாரு, மலையில எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நீயுந்தான லேப்புல கூட இருந்து பாத்த."

ஜன்னல், பனி, வியர்த்த வில்லை, 0.0962 என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு சுற்றுலா வேன் வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளேயிருந்து ஒருவர் தலையை நீட்டி, "இது ஏற்காட்டுப் பழமாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், ஏற்காட்டுப் பழம் புளிக்குமுங்க" என்றாள் வெள்ளையம்மா. "இத வாங்கிக்கங்க."